நாம் விழுங்கும் மாத்திரை ஆற்று மீனை என்ன செய்கிறது?

#1 கரையோரம்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் அம்மா தவறிவிட்டார். புற்றுநோய். கடைசி எட்டு மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். காரியமெல்லாம் முடிந்து அலமாரியைத் திறந்தால் ஒரு மஞ்சள் பை நிறைய மருந்து. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அட்டெனலால், வலிக்கு டிரமடால் ஏழு ஸ்ட்ரிப், பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் சிப்ரோஃப்ளாக்சசின், முட்டிக்குத் தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் இரண்டு டியூப். "டாய்லெட்டில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடு, பிள்ளைகள் கையில் கிடைத்தால் வம்பு" என்றார் அண்ணி. நானும் ஸ்ட்ரிப்பைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் 2021-இல் படித்த செய்தி ஞாபகம் வந்தது. சென்னை ஐஐடிக்காரர்கள் காவிரியில் 22 இடங்களில் இரண்டு வருடம் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அட்டெனலால், கார்பமசெபின், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாம் ஆற்றில் இருந்தன. அம்மாவின் பையில் இருந்த பெயர்கள்தான் பாதி. எங்கள் வீடு முசிறிப் பக்கம், ஆறு நடக்கிற தூரம். கையில் இருந்த ஸ்ட்ரிப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

என் கேள்வி இதுதான். இவ்வளவு பெரிய ஆற்றில் இது மீனை உண்மையிலேயே ஏதாவது செய்யுமா? அப்புறம், இந்தப் பையை நான் என்ன செய்வது?

#2 செல்வம் மருந்தகம்

அம்மாவின் மறைவுக்கு என் அஞ்சலி, சகோதரி. கீழே வைத்தது நல்ல காரியம். பையை அப்படியே வையுங்கள். டிரமடாலைத் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள், அதற்குத் தனி வழி உண்டு, பிறகு சொல்கிறேன்.

23 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆற்றுக்குப் போகிற மருந்தில் கொட்டப்படுவது ஒரு பங்குதான், மிச்சம் நம் உடம்பு வழியாகவே போகிறது. மெட்ஃபார்மினை உடம்பு உடைப்பதே இல்லை. ரத்தத்தில் சேர்ந்தது வேலையை முடித்துவிட்டு அப்படியே சிறுநீரில் இறங்கிவிடும். அட்டெனலாலும் பெரும்பகுதி அப்படித்தான். ஜெல் இன்னும் மோசம். தடவினதில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான் தோலுக்குள் போகும், மற்றதெல்லாம் குளிக்கும்போது சாக்கடைக்கு.

#3 கணக்குப்பிள்ளை

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, ஆனால் அளவைப் பார்க்க வேண்டாமா? ஆற்றில் காண்பது லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோகிராம். லிட்டருக்கு 50 நானோகிராம் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்த அளவு. நான் வேதியியல் படித்தவன், ஆய்வகத்தில் இருந்தவன். இப்போதுள்ள கருவிகள் எதையும் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததெல்லாம் கெடுதல் செய்யும் என்று அர்த்தமில்லை. செத்து மிதக்கிற மீனைக் காட்டுங்கள், நம்புகிறேன்.

#4 அயிரை

கணக்குப்பிள்ளை சார், செத்து மிதக்கிற மீனைத் தேடினால் இந்த விஷயம் கண்ணில் படாது. நான் மீன்வளம் படித்தவள், இதே துறையில்தான் இருக்கிறேன். ஒரு ஏரியின் கதையைச் சொல்கிறேன்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கே, காட்டுக்குள், சிறு ஏரிகளைச் சோதனைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏரிகளை எண்ணை வைத்துத்தான் சொல்வார்கள். அதில் 260-ஆம் எண் ஏரி. பக்கத்தில் ஊர் இல்லை, சாக்கடை இல்லை, ஆலை இல்லை. கேரன் கிட் என்ற ஆய்வாளரின் குழு 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகாலம் அந்த ஏரியில் ஒரே ஒரு மருந்தைக் கலந்துகொண்டு வந்தது. கருத்தடை மாத்திரையில் இருக்கிற எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம். நீங்கள் சொன்ன 50-இல் பத்தில் ஒரு பங்கு.

ஏரியில் ஃபேட்ஹெட் மின்னோ என்று ஒரு சிறு மீன். ஏறக்குறைய நம்ம அயிரை அளவு, கெண்டைக்குச் சொந்தம். அதில் ஆண் மீனின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் என்ற புரதம் ஏறிக்கொண்டே போனது. முட்டையின் மஞ்சள் கருவுக்காகப் பெண் மீனின் கல்லீரல் செய்கிற புரதம் அது. ஆண் மீனுக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. விந்தகம் ஒழுங்காக வளரவில்லை, சிலவற்றின் விந்தகத்துக்குள்ளேயே முட்டைகள். ஒரு மீனும் செத்து மிதக்கவில்லை, சார். குஞ்சுதான் வரவில்லை. அந்த மீனுக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். ஒன்றிரண்டு பருவம் குஞ்சு இல்லையென்றால் கூட்டமே கிடையாது. வலை போட்டால் ஒன்றிரண்டு வந்தால் பெரிசு என்ற நிலைக்கு வந்துவிட்டது. அப்புறம் அதைத் தின்று வாழ்ந்த பெரிய டிரவுட் மீனும் குறைந்தது. அதற்கு மருந்து நேரடியாகச் செய்த கெடுதலைவிடச் சாப்பாடு இல்லாமல் போனதுதான் காரணம்.

உங்களுடைய கணக்கையே இந்த மருந்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கருத்தடை மாத்திரையில் 30 மைக்ரோகிராம். லிட்டருக்கு 5 நானோகிராம் வர வேண்டுமென்றால் 6,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதி. ஒரு மாத்திரை, அரை லாரி.

ஏன் இவ்வளவு குறைந்த அளவே போதுமானதாக இருக்கிறது? மருந்து என்பதே கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு கேட்கும்படி செய்யப்பட்ட பொருள். வயிற்று அமிலத்திலும் கல்லீரலிலும் சட்டென்று அழியக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வடிவமைக்கிறார்கள். அந்த மருந்து போய் ஒட்டுகிற ஏற்பி நமக்கு மட்டும் சொந்தமில்லை, மீனுக்கும் அதே போன்றது உண்டு. அதோடு நாம் ஒரு வேளை விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம், மீன் அந்தத் தண்ணீரிலேயே குடியிருக்கிறது. மூச்சு விடுகிற ஒவ்வொரு முறையும் செவுள் வழியாக அது உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கலப்பதை நிறுத்தின சில வருடங்களில் அந்த ஏரியில் மின்னோ திரும்பிப் பெருகியது. ஆனால் கனடாக்காரர்களால் நிறுத்த முடிந்தது. ஊருக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் யார் நிறுத்துவது?

#5 துடுப்பு

அக்கா, நான் பரிசல்காரன். மீனும் பிடிப்பேன். மேட்டூர்ப் பக்கம். நீங்கள் சொல்வதைப் படித்தால் பயமாக இருக்கிறது. ஆற்று மீனைச் சாப்பிடலாமா கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள். இந்த மாதிரிச் செய்தி வந்தால் அடுத்த நாள் கரையில் கெளுத்தியை யாரும் தொட மாட்டார்கள்.

#6 அயிரை

தம்பி, சாப்பிடலாம். ஒரு கிராம் சதையில் 10 நானோகிராம் மருந்து இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, 200 கிராம் மீன் சாப்பிட்டால் 2 மைக்ரோகிராம். ஒரு 50 மில்லிகிராம் மாத்திரையில் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு. இங்கே பாதிக்கப்படுகிறவன் மீனைத் தின்கிறவன் இல்லை, மீன்தான். குஞ்சு குறைந்தால் உன் வலை காலியாகும், அதுதான் உனக்கு வருகிற நஷ்டம்.

#7 கணக்குப்பிள்ளை

சரி, அந்த 6,000 லிட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன். 260-ஆம் எண் ஏரி எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. அது ஹார்மோன், தனி ரகம். எல்லா மருந்தையும் அதோடு சேர்க்க முடியாது. அப்படிப் பார்த்தால் பெண்கள் கருத்தடை மாத்திரையை விட்டாலே பிரச்சினை தீர்ந்துவிடுமே?

#8 அயிரை

இல்லை சார். 1990-களில் இங்கிலாந்தில் ஜான் சம்ப்டர், சூசன் ஜாப்லிங் முதலியவர்கள், கழிவுநீர் நிலையங்களுக்குக் கீழே இருக்கிற ஆறுகளில் ரோச் என்ற மீனைப் பிடித்துப் பார்த்தார்கள். ஆண் மீனின் விந்தகத்தில் முட்டை. அந்தக் கழிவுநீரில் இருந்தது எது என்று பிரித்துப் பார்த்தபோது மாத்திரையின் எத்தினைல் எஸ்ட்ராடையாலோடு, பெண்களின் உடம்பே இயல்பாக வெளியேற்றுகிற எஸ்ட்ரோனும் எஸ்ட்ராடையாலும் சேர்ந்துதான் இருந்தன. ஒரு ஊரின் கழிவு முழுவதும் சின்ன ஆற்றில் விழுந்தால் இதுதான் நடக்கும். சுத்திகரிப்பில் இருக்கிற ஓட்டையைப் பெண்களின் தலையில் கட்ட வேண்டாம்.

ஹார்மோன் இல்லாத மருந்துக்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

#9 மழைத்துளி

படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஒன்பது வருடமாக மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பதற்றத்துக்கு இன்னொன்று. அதனால்தான் வேலைக்குப் போகிறேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறேன். என் உடம்பில் இருந்து போகிறதும் மீனைக் கெடுக்கிறது என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? நிறுத்திவிடலாமா என்று நேற்று இரவு தோன்றியது. அதனால்தான் கேட்கிறேன்.

#10 செல்வம் மருந்தகம்

நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஒன்பது வருடம் எடுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். உங்கள் சிறுநீர் ஆற்றுக்குப் போவது உங்கள் குற்றம் இல்லை, அதை வாங்கிச் சுத்தம் செய்ய வேண்டிய இடம் வேறு.

#11 அயிரை

செல்வம் அண்ணன் சொன்னதையே நானும் சொல்கிறேன், மழைத்துளி. நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு மனம் மாறக் கூடாது, சரியா?

கணக்குப்பிள்ளை சார் கேட்டதற்குப் பதில். ஸ்வீடனில் டோமஸ் பிரோடின் குழு 2013-இல் செய்தது. ஆக்ஸசெபாம் என்ற பதற்ற மருந்து அங்கே ஃபைரிஸ் ஆற்றில் இருந்தது, பெர்ச் மீனின் சதையிலும் இருந்தது. அந்த மருந்து கலந்த தொட்டியில் பெர்ச்சை விட்டுப் பார்த்தார்கள். பயந்த சுபாவமுள்ள மீன் மறைவிடத்தை விட்டுத் துணிந்து வெளியே வந்தது. கூட்டத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரிந்தது. இரையை வேகமாகத் தின்றது. மனிதனுக்குப் பதற்றத்தைக் குறைக்கிற மருந்து மீனுக்கும் பயத்தைக் குறைத்துவிட்டது. மனிதனுக்கு அது நிம்மதி. குட்டி மீனுக்குப் பயம்தான் காவல். பெரிய மீன் வரும்போது ஒதுங்காத மீன் எத்தனை நாள் இருக்கும்?

2025-இல் அதே நாட்டில் இன்னும் ஒரு படி போனார்கள். டால் ஆற்றில் சால்மன் குஞ்சுகளின் உடம்பில் மருந்து மெல்லக் கசிகிற சிறு வில்லையை வைத்து, ஆற்றிலேயே விட்டு, கடல்வரை பின்தொடர்ந்தார்கள். குளோபசாம் என்ற பதற்ற மருந்து வைத்த குஞ்சுகள் வழியில் இருக்கிற இரண்டு அணைகளை வேகமாகத் தாண்டின. பால்டிக் கடலுக்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்தவையும் அவைதான்.

#12 துடுப்பு

அப்படியென்றால் நல்லதுதானே அக்கா? அதிகம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

#13 அயிரை

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, தம்பி. ஆனால் அதே குழு ஆய்வகத்தில் பார்த்தபோது, குளோபசாம் ஏறிய குஞ்சுகள் எதிரி மீன் பக்கத்தில் இருக்கும்போதும் நெருக்கமாகக் கூட்டம் சேரவில்லை. அணையைத் தாண்ட உதவின அதே துணிச்சல் கடலில் என்ன செய்யும்? ஒரு மீன் எப்போது கிளம்ப வேண்டும், எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதெல்லாம் எத்தனையோ தலைமுறையாக அந்த ஆற்றோடு ஒத்துப்போய் வந்த கணக்கு. அதை ஒரு மாத்திரை மாற்றி எழுதுவது எனக்கு நல்லதாகப் படவில்லை.

#14 மூசிக்கரை

நீங்கள் எல்லோரும் வீட்டு மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். மாத்திரை பிறக்கிற இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

திண்டிவனத்துக்காரன். ஹைதராபாத்தில் 19 வருடம். மூல மருந்து தயாரிக்கிற ஆலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். நகரத்துக்கு வடமேற்கே படான்செரு. செரு என்றால் தெலுங்கில் ஏரி. அங்கே ஏரிகள் உண்மையிலேயே நிறைய. நான் போன காலத்தில் சில ஏரிகளின் பக்கத்தில் நிற்க முடியாது, மூக்கு எரியும்.

2007-இல் ஸ்வீடனின் யோவாகிம் லார்சன் குழு வெளியிட்ட அளவுகள் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தன. அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவை வாங்கிச் சுத்தம் செய்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. கவனியுங்கள், சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீர். அதில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. நானோகிராம் இல்லை, மைக்ரோகிராம்கூட இல்லை, மில்லிகிராம். அந்த மருந்தைச் சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். ஒரு நாளில் அந்தக் குழாயில் போன சிப்ரோ மட்டும் சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். அப்போது ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடுகிற அளவு அது.

அந்தத் தண்ணீரை 500 மடங்கு நீர்த்துத் தவளைக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் வளர்ச்சி 40 விழுக்காடு குறைந்தது. அது இசகவாகு, நக்கவாகு என்ற ஓடைகள் வழியாக மஞ்சிராவுக்கும், அங்கிருந்து கோதாவரிக்கும் போகிற பாதை. சுற்றியுள்ள கிராமக் கிணற்றிலும் மருந்து இருந்தது. மண்ணில் வாழ்கிற பாக்டீரியா அதிலேயே ஊறி, மருந்துக்கு அடங்காத மரபணுக்களைச் சேர்த்து வைத்திருந்தது. துடுப்பு தம்பி, மீன் சாப்பிடலாம் என்று அக்கா சொன்னது சரிதான், ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் மீன் மட்டும் பாதிக்கப்படுகிறது என்று நினைக்க வேண்டாம்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1990-லேயே உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. பிறகு 18 கிலோமீட்டர் குழாய் போட்டு, அந்தக் கழிவை நகரத்தின் அம்பர்பேட்டை நிலையத்துக்குத் திருப்பினார்கள். அது மூசி ஆற்றங்கரை. ஏரிக்காரர்களுக்கு ஓரளவு விடிந்தது. நான் இப்போது குடியிருப்பது மூசிப் பக்கம்.

என் கைக்கும் இதில் பங்கு உண்டு. ரியாக்டரைக் கழுவிவிட்ட தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறது என்று அந்த வயதில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

#15 கணக்குப்பிள்ளை

31 மில்லிகிராமா? நான் ஆய்வகத்தில் கையால் கரைசல் தயாரித்தால் வருகிற அளவு ஐயா அது. இதற்கு மேல் அளவு சிறியது என்று நான் சொல்ல மாட்டேன்.

சட்டம் ஒன்றும் இல்லையா?

#16 ஏரேஷன் டேங்க்

சட்டம் வரப் பார்த்தது. நான் நகராட்சி எஸ்டிபி ஒன்றில், அதாவது சாக்கடை நீரைச் சுத்திகரிக்கிற நிலையத்தில், பொறியாளர். 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு வரைவு விதி ஒன்றை வெளியிட்டது, மூல மருந்து ஆலைகளின் கழிவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு போட்டு. அப்போது எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த அட்டவணையே இல்லை. உலகத்துக்கே மருந்து செய்து அனுப்புகிற நாட்டில் அந்த ஒரு பக்கம் காணாமல் போனதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி எங்கள் பக்கம். எஸ்டிபி கட்டப்பட்டது சாக்கடையில் இருக்கிற அழுகல் பொருளைத் தின்னவைக்க. காற்றை ஊதிவிட்டால் நுண்ணுயிர் அதைத் தின்னும், அவ்வளவுதான். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் மாதிரிச் சிலதை அது நன்றாகவே தின்றுவிடும். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபினைக் கொடுத்தால் தொடவே தொடாது, உள்ளே வந்தது ஏறக்குறைய அப்படியே வெளியே போகும். டைக்ளோஃபெனாக்கும் பாதிக்குப் பாதி போனாலே பெரிசு. இதை நிறுத்த ஓசோன் விட வேண்டும், இல்லையென்றால் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்கிற ஆக்டிவேட்டட் கார்பன் (கரி) படுகை வைக்க வேண்டும். சுவிட்சர்லாந்து 2016-லிருந்து சட்டம் போட்டு ஒவ்வொரு நிலையமாக மாற்றிக்கொண்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒரு படி மேலே போய், இந்தக் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுப்பொருள் செய்கிறவர்களே தர வேண்டும் என்று விதித்தது.

நம் நாட்டில் முதலில் சாக்கடை நிலையத்துக்கே வந்து சேர வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்குப்படி 2020-21-இல் நகரங்களின் கழிவுநீர் நாளுக்கு 72,368 மில்லியன் லிட்டர். இருக்கிற நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு 31,841. பாதிக்கு மேல் நேராக ஆற்றுக்கும் ஏரிக்கும்தான். பாரசிட்டமாலைக்கூடத் தின்ன ஆளில்லை.

ஆகையால் மழைத்துளி, உங்கள் மாத்திரையை நீங்கள் சாப்பிடுங்கள். அதைப் பிடிப்பது என் வேலை. அதற்கான படுகையை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

#17 பாறு

ஒரு சின்னக் குறிப்பு. டைக்ளோஃபெனாக் என்றதும் எனக்குப் பாறு கழுகுதான். மாட்டுக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்று 2004-இல் தெரிந்தது, 2006-இல் கால்நடைக்குத் தடை வந்தது. அதே 2004-இல் ஜெர்மனியில் ரெயின்போ டிரவுட்டை இந்த மருந்தில் வைத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலேயே சிறுநீரகமும் செவுளும் கெட்டன. பறவைக்கும் மீனுக்கும் ஒரே உறுப்பில் அடி. மோயாற்றில் மிஞ்சியிருக்கிற பாறுகளை நான் பார்த்திருக்கிறேன். மற்றவை போன பிறகுதான் நமக்குத் தெரிந்தது. மீன் விஷயத்தில் முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

#18 கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. மழைத்துளி, உங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன், மாத்திரை எடுத்தீர்களா?

செல்வம் அண்ணா, பை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. டிரமடாலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றீர்கள்.

#19 செல்வம் மருந்தகம்

சொல்கிறேன். அதில் எனக்கே ஒரு சங்கடம் உண்டு. 2025-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வழிகாட்டுதல் தந்தது. பெரும்பாலான மருந்தைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், ஆனால் 17 மருந்துகளை மட்டும் கொட்டிவிடுங்கள் என்று. ஃபென்டனில், டிரமடால் மாதிரி, தவறான கைக்குப் போனால் உயிர் போகிற ரகம். காரணம் நியாயமானது. வீட்டில் ஒரு குழந்தை எடுத்து விழுங்குவதைவிட ஆற்றில் போவது மேல் என்பது கணக்கு.

#20 அயிரை

அண்ணா, அந்தக் கணக்கில் திருப்பித் தருகிற இடம் ஒன்று இருந்தால் இரண்டு ஆபத்துமே இல்லையே. டால் ஆற்று சால்மனுக்கு வைத்த வில்லையில் டிரமடாலும் ஒன்று. எல்லா வீட்டிலும் கொட்டச் சொல்வதற்கு முன் ஊருக்கு ஒரு பெட்டி வைக்கலாம்.

#21 செல்வம் மருந்தகம்

அதைத்தான் நானும் கேட்கிறேன், அம்மா. கேரளத்தில் 2025-லிருந்து பயன்படாத மருந்தை அரசே திரும்ப வாங்கத் தொடங்கியிருக்கிறது, கோழிக்கோட்டில் ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் என் கடையில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். அதை அழிக்கிற செலவு என்னுடையது, பரவாயில்லை.

சகோதரி, டிரமடாலை அம்மாவுக்குக் கொடுத்த வலி நிவாரண மையத்திலேயே கேட்டுப் பாருங்கள். அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிற மருந்து, அவர்களிடம் பதிவேடு இருக்கும். மற்றதைத் தனிக் கவரில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று எழுதி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதியில் காலாவதி மருந்தை அந்த வகையில்தான் வைத்தார்கள். ஜெல் தடவினால் கையை முதலில் காகிதத்தில் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். தடவின உடனே குளிக்கவும் வேண்டாம்.

#22 மழைத்துளி

எடுத்தேன் கரையோரம். இன்றும் எடுத்தேன்.

#23 கரையோரம்

இன்று காலை மையத்துக்குப் போய்வந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரே இருந்தார். ஏழு ஸ்ட்ரிப்பையும் எண்ணி, பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்படித் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் குறைவு என்றார். அம்மாவின் பெயரை அந்த நோட்டில் பார்த்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மற்றதைக் கவரில் கட்டிச் சிவப்பு மையில் எழுதிக் குப்பை வண்டிக்காரம்மாவிடம் கொடுத்தேன். தனியாக எங்கே போடுவது என்று அவருக்கே யாரும் சொல்லவில்லையாம். வண்டியின் முன்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டார், மேஸ்திரியைக் கேட்கிறேன் என்றார். நாளைக்கு நானே நகராட்சியில் போய்க் கேட்கப்போகிறேன். ஏரேஷன் டேங்க் சார், அங்கே யாரைப் பார்க்க வேண்டும், சுகாதார ஆய்வாளரையா?

#24 ஏரேஷன் டேங்க்

ஆமாம், சுகாதார ஆய்வாளர்தான். வாயால் சொல்லாதீர்கள், மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகல் ஒன்றை இங்கே போட்டால் மற்ற ஊர்க்காரர்களும் அதையே எழுதலாம்.